டாஸுக்கு முன்னால் எழுதிவைக்க வேண்டியவை

வாசகர் கடிதம்

ஐயா, குடியாத்தத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்து 14 அணிகள் சேர்ந்து நடத்தும் கிரிக்கெட் சங்கத்துக்கு இந்த ஆண்டு என்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. சென்ற பருவம் சண்டையில் முடிந்தது. ரன் ரேட் கணக்கில் தவறு செய்து தங்களை வெளியேற்றிவிட்டதாக ஓர் அணி இன்றுவரை சொல்கிறது. ஓர் அரையிறுதி மழையில் நின்றுபோய், சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். நாக்அவுட் சுற்றில் 'கெஸ்ட் பிளேயர்' என்று வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். சங்கத்தின் பணமெல்லாம் சங்கத்தைத் தொடங்கிய அண்ணனின் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. அவர் நேர்மையானவர், ஆனால் கணக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் பருவத்தை எப்படி நடத்துவது? நானும் ஓர் அணியில் ஆடுகிறேன், செயலாளர் ஆடலாமா?

பதில்

அன்புள்ள செயலாளருக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு தகராறுகள் இருக்கின்றன. நான்கையும் நான் ஒரே தகராறாகத்தான் படித்தேன். ரன் விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது, மழை பெய்தால் யார் முன்னேறுவது, வெளியூர்க்காரர் ஆடலாமா, பணம் யாரிடம் இருப்பது என்பவற்றையெல்லாம் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்று தெரிந்த பிறகே உங்கள் சங்கம் முடிவு செய்திருக்கிறது. அப்படி எடுத்த முடிவு நியாயமானதாகவே இருந்தாலும், இழந்தவர் கண்ணுக்கு அது ஒருதலைப்பட்சமாகத்தான் தெரியும். ஆகவே உங்கள் பருவம் பொங்கலுக்குப் பிறகு அல்ல, டிசம்பரில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓயும் அந்த மாதத்தில், எந்த அணி எந்தப் பிரிவில் வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், 14 அணித் தலைவர்களையும் உட்கார வைத்து விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரிவுகளுக்கான குலுக்கலை அந்தக் கையெழுத்துகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

முதலில் அட்டவணை. 14 அணிகளும் ஒன்றோடொன்று மோதினால் 91 ஆட்டங்கள் வரும். ஞாயிறு மட்டுமே கிடைக்கும் சங்கத்தால் அது ஆகாது. ஏழு ஏழாக இரண்டு பிரிவுகள் வைத்தால் ஒரு பிரிவுக்கு 21, மொத்தம் 42 லீக் ஆட்டங்கள். இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி சேர்த்து 45. இரண்டு மைதானங்களில் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று ஞாயிறுதோறும் நான்கு ஆட்டங்கள் நடத்தினால் லீக் சுற்று 11 ஞாயிறுகளில் முடியும். 2026 ஜனவரி 18 முதல் எண்ணினால் மார்ச் 29இல் பதினொன்றாவது ஞாயிறு வருகிறது. ஏப்ரலின் நான்கு ஞாயிறுகளும் மழைக்கும் நாக்அவுட்டுக்கும் மீதமிருக்கும். ஓர் அணிக்கு 11 வாரங்களில் ஆறே ஆட்டங்கள் என்பதால் ஷிப்டில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் தாங்கும். அந்த ஆறில் மூன்று காலையிலும் மூன்று பிற்பகலிலும் அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கத்து மார்ச் மாதப் பிற்பகல் இரண்டு மணி வெயிலை எப்போதும் ஒரே அணி வாங்கிக்கொண்டிருந்தால், அந்த அணி அடுத்த ஆண்டு நுழைவுக் கட்டணம் கட்டாது.

ஓவர்களை 25 ஆக வையுங்கள். ஓர் ஓவருக்கு நான்கு நிமிடம் என்றால் ஓர் இன்னிங்ஸுக்கு 100 நிமிடம். இடைவேளை 20 நிமிடத்தையும் சேர்த்து ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் 10.40க்கு முடியும். இரண்டு மணி ஆட்டம் 5.40க்கு முடியும், ஜனவரியில் அதற்குமேல் பந்து கண்ணுக்குத் தெரிவது சில நிமிடங்கள்தான். 30 ஓவர் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் கத்திரி வெயில் மட்டும் காரணமல்ல. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்னும் பின்னும் 11 பேரை மைதானத்துக்கு வரவழைக்க எந்தச் செயலாளராலும் முடியாது. 2026 சட்டமன்றத் தேர்தல் ஆண்டும் கூட. நீங்கள் ஆடும் பள்ளி வளாகம் வாக்குச்சாவடியாகக்கூடும். பேர்ணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து ஆட்டக்காரர்கள் இருப்பதால் ரமலான் நோன்பையும் கணக்கில் எடுங்கள். அந்த மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வது. 2026இல் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம்வரை இருக்கும். நோன்பிருப்பவர்கள் அதிகமுள்ள அணிகளுக்கு அந்த நான்கு ஞாயிறுகளிலும் காலை ஆட்டத்தையே கொடுத்துவிட்டு, பிற்பகல் ஆட்டங்களை முன்னும் பின்னும் சரிக்கட்டுங்கள். கேட்டால்தான் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாமல், அட்டவணையிலேயே அப்படி அமைத்துவிடுவது மரியாதை.

மைதானத்துக்கான அனுமதியைத் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாக வாங்காதீர்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு நடக்கும் பள்ளியில், உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் மாறுதலாகிப் போயிருந்தால், அந்த வாக்கும் அவரோடு போய்விடும். தேதி, நேரம், குப்பை அகற்றும் பொறுப்பு ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் மேட், அதாவது பாய், விரித்து ஆடுபவர்கள் என்று ஊகிக்கிறேன். புல் அல்லாத தளத்துக்கு, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் விதிகள் குறைந்தது 58 அடி நீளமும் 6 அடி அகலமும் கேட்கின்றன. அந்த அளவைவிட முக்கியம், பாயின் கீழுள்ள மண்ணை முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து உருட்டிவைப்பதும், பாயை நன்றாக இழுத்து ஆணி அடிப்பதும். தொய்ந்த பாயில் ஒரே இடத்தில் விழும் இரண்டு பந்துகளில் ஒன்று முழங்காலுக்கும் மற்றது முகத்துக்கும் வரும்.

இனி ரன் விகிதம். புள்ளியில் சமமாக நிற்கும் அணிகளைப் பிரிக்க, ஓர் அணி ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்துப் பார்க்கும் கணக்கு அது. சென்ற ஆண்டு உங்களிடம் நடந்த தவறு என்னவாக இருக்கும் என்பதை என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும், ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லீக் போட்டியில் ஸ்கோரராக உட்கார்ந்து நானே அதைச் செய்திருக்கிறேன். 20.3 ஓவர் என்று எழுதுகிறோமே, அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல; 20 ஓவரும் மூன்று பந்தும், அதாவது இருபதரை ஓவர். கால்குலேட்டரில் 20.3 என்று அடித்தால் முதல் பிழை. அணி முழுவதும் ஆட்டமிழந்துவிட்டால் அது ஆடிய ஓவர்களால் வகுக்கக் கூடாது, அதற்கு ஒதுக்கப்பட்ட முழு ஓவர்களால் வகுக்க வேண்டும் என்பதை மறந்தால் இரண்டாவது பிழை. 25 ஓவர் ஆட்டத்தில் முதல் அணி 18.2 ஓவரில் 110 ரன்னுக்குச் சுருண்டு, எதிரணி 20.3 ஓவரில் 111 எடுத்து வென்றதாக வைத்துக்கொள்வோம். சரியான கணக்கில் முதல் அணியின் விகிதம் 110ஐ 25ஆல் வகுத்த 4.40, எதிரணியினுடையது 111ஐ 20.5ஆல் வகுத்த 5.41. ஆக அந்த ஆட்டத்தில் தோற்ற அணிக்கு நிகர விகிதம் கழித்தல் 1.01. இரண்டு பிழைகளையும் சேர்த்துச் செய்தால் 110ஐ 18.2ஆல் வகுத்து 6.04, 111ஐ 20.3ஆல் வகுத்து 5.47 என்றாகி, தோற்ற அணிக்குக் கூட்டல் 0.57 கிடைத்துவிடும்! தோற்றவன் கணக்கில் லாபம் காட்டும் எந்தத் தாளையும் கணக்கர் சந்தேகப்பட வேண்டும். நான் அன்று சந்தேகப்படவில்லை, வேறொருவர்தான் கண்டுபிடித்தார்.

பருவம் முழுவதற்கும் கணக்கிடும்போது ஒவ்வோர் ஆட்டத்தின் விகிதத்தையும் தனித்தனியே எடுத்துக் கூட்டக் கூடாது. எடுத்த மொத்த ரன்னை மொத்த ஓவரால் வகுத்து, கொடுத்த மொத்த ரன்னை மொத்த ஓவரால் வகுத்து, பிறகு கழிக்க வேண்டும். எதிரணி வராமல் வெற்றி கிடைத்த வாக்ஓவர் ஆட்டங்கள் இதில் சேரா. இந்த உதாரணத்தை அப்படியே உங்கள் விதித்தாளில் எழுதிவிடுங்கள். புள்ளிப் பட்டியலை ஞாயிறு இரவே எல்லா அணித் தலைவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, செவ்வாய்க்கிழமைக்குள் பிழை சுட்டப்படாவிட்டால் அது உறுதியானது என்று வையுங்கள். முதல் வாரத்துப் பிழையை முதல் வாரமே பிடித்தால் ஒரு போன் பேச்சில் தீரும். அரையிறுதிக்கு முந்தின இரவு பிடித்தால் போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். சென்ற ஆண்டுத் தாளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தவறுதான் என்று தெரிந்தால், முடிவை மாற்ற முடியாது என்றாலும் அந்த அணியிடம் சங்கத்தின் பெயரால் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

மழையால் ஓவர் குறையும்போது இலக்கை மாற்றிக் கணக்கிட டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டெர்ன் முறை வேண்டும் என்று படித்த பையன் ஒருவன் கட்டாயம் கேட்பான். அந்த முறை நல்லதுதான், ஆனால் கணினியும், அதை நம்பும் இரண்டு அணிகளும் தேவை. வெறும் ஓவர் சராசரியை வைத்து இலக்கைக் குறைப்பது, பத்து விக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு குறைந்த ஓவர் ஆடும் இரண்டாவது அணிக்குச் சாதகம். உங்கள் அளவுக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. லீக் ஆட்டம் நின்றால் புள்ளியைச் சமமாகப் பகிருங்கள். அரையிறுதியும் இறுதியும் நின்றால் அடுத்த ஞாயிறு முதல் பந்திலிருந்து புதிதாக ஆடுங்கள். அரையிறுதி அன்றும் நடக்காவிட்டால் தன் பிரிவில் மேலிடம் பெற்ற அணி முன்னேறட்டும், இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் நிகர ரன் விகிதம் பேசட்டும். இறுதியானால் கோப்பையைப் பகிர்ந்துகொள்ளலாம். சீட்டுக் குலுக்கல் நேர்மையான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் 11 வாரம் வெயிலில் ஆடியவனிடம் அந்த 11 வாரத்துக்கும் மதிப்பில்லை என்று சொல்லும் முறை அது.

வெளியூர் ஆட்டக்காரர் விஷயத்தில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. டாஸுக்கு முன் இரு அணித் தலைவர்களும் தங்கள் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுத்தில் நடுவரிடம் கொடுக்க வேண்டும், அதன்பின் எதிரணித் தலைவரின் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது என்பது எம்.சி.சி.யின் முதல் விதியிலேயே உள்ளது. நம் ஊர்ப்புற ஆட்டங்களில் யாரும் அதைப் பின்பற்றுவதில்லை. அதைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு மேல், அணிக்கு 20 பேர் வரை முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பதிவு, அந்தப் பட்டியலில் இருப்பவரும் லீக் சுற்றில் குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியிருந்தால்தான் அரையிறுதியில் இறங்கலாம் என்று இரண்டு வரி போதும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் உள்ளூர்ப் பையன் இந்த விதியில் அடிபடுவான். அவனுக்காக ஆளுக்கு ஒரு விதிவிலக்கு வைக்க உங்களுக்கு மனம் வரும், வைக்காதீர்கள். வேண்டுமானால் மூன்றை இரண்டாக்குங்கள், அதையும் எல்லோருக்குமாக, டிசம்பரிலேயே. அடையாளத்துக்கு ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; 280 பேருடைய நகல்களை உங்கள் வீட்டு அலமாரியில் அடுக்கி வைப்பது வேண்டாத பொறுப்பு. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்தும், மட்டை பிடிக்கும்போது ஹெல்மெட்டும் கட்டாயம்.

நடுவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சண்டை அங்கிருந்துதான் வரும். ஆட்டத்துக்கு இருவர் வீதம் 45 ஆட்டங்களுக்கு 90 முறை நடுவர் நிற்க வேண்டும். மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் தேர்வு எழுதிய நடுவர்களை நாக்அவுட் சுற்றுக்காவது அழையுங்கள். லீக் சுற்றில் முதல் பிரிவு ஆட்டங்களுக்கு இரண்டாம் பிரிவு அணிகளும், இரண்டாம் பிரிவுக்கு முதல் பிரிவும் ஆள் அனுப்பட்டும். அனுப்பாத அணிக்கு ஒரு புள்ளி குறையும் என்று எழுதுங்கள். அவர்களுக்குப் படியும் சாப்பாடும் சங்கமே கொடுக்க வேண்டும், ஆடும் அணிகள் கொடுக்கக் கூடாது. ஆட்டக்காரரின் நடத்தைக்கு 2017 முதல் எம்.சி.சி.யின் 42ஆம் விதி நான்கு படிநிலைகளை வைத்திருக்கிறது. பேச்சாலோ சைகையாலோ நடுவரை மிரட்டுபவரைக் குறிப்பிட்ட ஓவர்கள் வெளியே நிறுத்தலாம்; 25 ஓவர் ஆட்டத்தில் அது ஐந்து ஓவர். அடிப்பேன் என்று நடுவரை நோக்கிச் சொன்னவர் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும். இதைப் படித்துச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். முறையீட்டை எழுத்தில், மறுநாள் மாலைக்குள், திருப்பித் தரத்தக்க ஒரு முன்பணத்தோடு வாங்குங்கள். தகுதி, கணக்கு, விதி ஆகியவற்றைப் பற்றியதாக மட்டும் அது இருக்கலாம், எல்பிடபிள்யூ பற்றியதாக இருக்கக் கூடாது. விசாரிக்கும் மூவரும் சம்பந்தப்பட்ட இரண்டு அணிகளையும் சேராதவர்களாக இருக்கட்டும்.

இப்போது உங்களுக்குக் கூச்சமான பகுதிக்கு வருகிறேன். சிறு சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வதே என் தொழிலாக இருந்தது. அதில் கண்டது, நேர்மையற்றவரிடம் இருக்கும் பணத்தைவிட நேர்மையானவரின் சொந்தக் கணக்கில் இருக்கும் பணம்தான் பிரிப்பதற்குக் கடினம். ஏனென்றால் அவர் பாய்க்கும் பந்துக்கும் கைக்காசும் போட்டிருப்பார், வந்த கட்டணத்தையும் செலவழித்திருப்பார், இரண்டும் கலந்து எது எவருடையது என்று அவருக்கே தெரியாது. நாளை அவருக்கு உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டால், வங்கி அந்தப் பணத்தை அவர் நியமித்தவருக்கோ வாரிசுகளுக்கோதான் கொடுக்கும். சங்கத்துக்காக அவர் மனைவியிடம் போய் நிற்கப்போவது நீங்கள். ஆகவே கணக்குக் கேட்கப் போகாதீர்கள். அண்ணனுடைய வீட்டுக்குப் போய், "அண்ணே, நீங்க சங்கத்துக்குக் கையிலிருந்து போட்டது எவ்வளவுன்னு எழுதணும்ணே, அது எங்க பேர்ல கடனா நிக்குது" என்று தொடங்குங்கள். அது பொய்யும் அல்ல. அவர் கொடுத்தது முதலில் எழுதப்பட்டால், வந்தது தானாக எழுதப்படும். அவர் போட்ட தொகையைத் திருப்ப வேண்டிய கடனாக வைப்பதா, நன்கொடையாக வரவு வைப்பதா என்பதை அவரே சொல்லட்டும். எதுவானாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, பொதுக்குழுவில் வாசியுங்கள். பிறகு அவரைத் தலைவராக்குங்கள், பொருளாளராக அல்ல.

அடுத்து பதிவு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் துணைவிதிகளோடு விண்ணப்பிக்க வேண்டும். செயற்குழுவில் குறைந்தது மூவர், அவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு மேற்படாத பதவிக்காலம், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு என்பவை அச்சட்டம் எதிர்பார்ப்பவை. மார்ச்சில் நிதியாண்டும் ஏப்ரலில் உங்கள் பருவமும் முடிவதால் ஜூன் மாதம் பொதுக்குழுவுக்குப் பொருத்தமானது. பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான் எண் பெற்று, செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்கைத் தொடங்குங்கள். நுழைவுக் கட்டணத்தை ஊகித்து வைக்காதீர்கள். இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து என்றால் 90 பந்துகள். நடுவர் படி 90. ஸ்கோரர் படி 45. ஆணி, சுண்ணாம்பு, தண்ணீர் கேன், மைதானக் காவலருக்குக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கூட்டி, பத்தில் ஒரு பங்கு மேலே வைத்து 14ஆல் வகுங்கள். வருவது கூடுதலாகத் தெரிந்தால் பரிசுத் தொகையைக் குறையுங்கள், நடுவர் படியைக் குறைக்காதீர்கள். 90 பந்துகளையும் ஒரே தயாரிப்பில் ஒரே தடவையாக வாங்கிவிட்டால், எங்கள் ஆட்டத்துக்கு மட்டும் மட்டப் பந்து கொடுத்தார்கள் என்ற பேச்சு எழாது. உள்ளூர்ப் பிரமுகர் கோப்பை கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் ரசீது கொடுங்கள்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக: எட்டு ஓவருக்கு ஒருமுறை தண்ணீர், முதலுதவிப் பெட்டி, 108க்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மைதானத்திலும் இருக்க வேண்டும். ஏப்ரல் மாலைகளில் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். அந்த நேரத்தில் யாரும் எல்லைக் கோட்டுக்கு வெளியே உள்ள புளிய மரத்தடியில் நிற்கக் கூடாது.

கடைசியாக, செயலாளர் ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடலாம். இந்திய கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த நீதிபதி லோதா குழு தந்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் பெரும்பாலும் ஏற்றது; பொறுப்பும் சொந்த நலனும் மோதுவதைக் குறிக்கும் நலன் முரண்பாடு என்ற சொல் நம் கிரிக்கெட் பேச்சில் அந்த வழக்கின்போது பரவலாகப் புழங்கியது. அந்த விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தா, ஆனால் அவற்றின் பின்னுள்ள கேள்வி உங்களுக்கும் உண்டு. உங்கள் அணியைச் சார்ந்த முறையீடு, நடுவர் நியமனம், ஆட்டத்தைத் தள்ளிவைப்பது ஆகியவற்றில் நீங்கள் கருத்தும் சொல்லக் கூடாது, அறையிலும் இருக்கக் கூடாது. அவற்றை வேறோர் அணியைச் சேர்ந்த இணைச் செயலாளர் கவனிப்பார் என்று துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் அணி ஆடும் ஆறு ஞாயிறுகளிலும் பந்துப் பெட்டியையும் பாய் அறைச் சாவியையும் சனிக்கிழமையே அவரிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள்.